சாமைக் காட்டில் ஒரு பாட்டன்

(கொல்லிமலை செம்மேட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என் வலது காதுக்கு முன்னால் ஊசி முனை நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை இருக்கிறது. காது குத்தி வந்ததல்ல, பிறவியிலேயே உள்ளது. என் அப்பாவுக்கு இந்தத் துளை கிடையாது. அப்பாவின் அப்பாவுக்கு இருந்தது. நான் பிறந்த மூன்றாம் நாள் என்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிய பாட்டி இதைப் பார்த்துவிட்டு, "போனவரு திரும்பி வந்துட்டாரு" என்று தெரு முழுக்கச் சொன்னாராம். தாத்தா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் பெயரையே எனக்கு வைத்தார்கள்.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் பேரன். நம் வீடுகளில் பெயர் ஒரு தலைமுறையைத் தாண்டித்தான் இறங்கும். மூக்கும் நெற்றியும் நடையும்கூடச் சில வேளைகளில் அப்படித் தாண்டி இறங்குகின்றன. மரபணு என்ற சொல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நம் கிழவிகள் இதைக் கவனித்துவைத்திருக்கிறார்கள். தொட்டிலைச் சுற்றி நின்று, காது யாருடையது, கால்விரல் யாருடையது என்று பிரித்துச் சொல்லும் அவர்களுடைய கண் கூர்மையானது.

இன்று நான் பேச வந்தது ஒரே கேள்வியைப் பற்றி. தாத்தாவிடம் இருந்தது, அப்பாவிடம் இல்லை, பேரனிடம் வந்துவிட்டது. அப்படியானால் நடுவில் அது எங்கே இருந்தது?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டது இந்த மலைதான். ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன், படிப்பு முடித்த சூட்டில், விதை பெருக்கும் வேலை ஒன்றுக்காகக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்தேன். வளப்பூர் நாட்டில் வயதான ஓர் அம்மாவின் சாமைக் காடு. கதிர் வாங்கி முற்றிக்கொண்டிருந்த நேரம். இடுப்பளவு உயரத்தில் வெளிறிய கதிர்கள் ஒரே சீராக நின்றன. நடுநடுவே ஒரு முழம் உயர்ந்து, உமி கறுத்து, வேறு மாதிரியாகச் சில செடிகள். நான் படித்த பாடத்தில் இவற்றுக்குக் கலவன் என்று பெயர். கலவனைப் பிடுங்கினால்தான் விதை தூய்மையாகும். பிடுங்கினேன். ஒரு கை நிறைய ஆன பிறகு அந்த அம்மா வரப்பில் வந்து நின்றார்.

"ஏந் தம்பி எங்க பாட்டி சாமையப் புடுங்கிப் போடறீங்க?"

அந்தச் சாமையைத் தாம் விதைக்கவில்லை என்றார். தம் அம்மாவும் விதைத்ததில்லையாம். பாட்டி காலத்தில் காடு முழுக்க அதுதானாம். எப்போதாவது ஒரு வருடம் இப்படி எட்டிப் பார்க்குமாம். இதெல்லாம் கலப்பு, மகசூலைக் குறைக்கும் என்று நான் விளக்கினேன். அவர் மறுத்து எதுவும் சொல்லவில்லை. நான் பிடுங்கிப் போட்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புல்லால் கட்டி, வீட்டு இறவாணத்தில் தொங்கவிட்டார்.

அந்தக் கறுப்புக் கதிர்கள் உண்மையில் எங்கிருந்து வந்திருக்கும்? மூன்று வழிகள் உண்டு. களத்தில் வேறு சாமை கலந்திருக்கலாம். சாமையிலும் கேழ்வரகிலும் காணும் கலவனில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். முந்தைய பட்டத்தில் உதிர்ந்த மணி மண்ணில் கிடந்து முளைத்திருக்கலாம். மூன்றாவது வழி, என்றோ நடந்த ஒரு மகரந்தக் கலப்பு இத்தனை நாள் விதைக்குள் அடங்கிக் கிடந்து இப்போது பிரிந்து வெளிப்பட்டிருக்கலாம். சாமை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும் பயிர். ஆனாலும் நூறில் ஒன்று அண்டைச் செடியோடு சேராமல் இருப்பதில்லை. அந்த அம்மாவின் காட்டில் நடந்தது எந்த வழி என்பதைச் சோதித்துப் பார்க்கும் அறிவு எனக்கு அன்று இருந்திருக்க வேண்டும். பிடுங்கத்தான் தெரிந்திருந்தது.

மூன்றாவது வழியை விளங்கவைத்தவர் கிரிகோர் மெண்டல். ஆஸ்திரியப் பேரரசின் புருன் நகரத்து மடத்துத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணி வளர்த்தார். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் இணைத்தார். பிள்ளைகள் எல்லாமே உருண்டை. சுருக்கம் அழிந்தே போனதுபோல் தெரிந்தது. அந்தப் பிள்ளைகளைத் தமக்குள்ளேயே மணி பிடிக்கவிட்டு, பேரப்பிள்ளைகளை எண்ணினார். 7,324 மணிகள். 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். நான்கில் ஒரு பங்கு பேரர்களில் பாட்டியின் சுருக்கம் அப்படியே திரும்பி வந்திருந்தது. அரைச் சுருக்கமோ கால் சுருக்கமோ இல்லை. முழுச் சுருக்கம். 1866-இல் அதை அச்சிட்டார். 1900 வரை உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அந்த எண்ணிக்கையில் என் கேள்விக்குப் பதில் இருக்கிறது. நடுத் தலைமுறையில் சுருக்கம் அழியவில்லை. பட்டாணியும் நாமும் தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று பெரும்பாலான மரபணுக்களுக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கிறோம். ஓங்கு பண்பு பேசும்போது ஒடுங்கு பண்பு வாயை மூடிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். பேரனிடம் இரண்டு ஒடுங்கு பிரதிகள் ஒன்றுசேர்ந்தால் அது பேசும். என் காதுத் துளையின் கணக்கு சற்று வேறு. அது ஒரு பிரதி இருந்தாலே வரக்கூடியது. ஆனால் சில உடம்புகளில் வந்தும் வெளியே தெரியாது. என் அப்பாவுக்கு அந்தத் துளை இல்லை என்று இத்தனை வருடம் சொல்லிவந்தோம். அவர் அதை எனக்காகத் தூக்கி வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் கேழ்வரகிலேயே இதைப் பார்க்கலாம். பழுப்பு மணிக் கேழ்வரகும் வெள்ளை மணிக் கேழ்வரகும் சேர்ந்தால் பிள்ளை பழுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை அடுத்த தலைமுறையில் எட்டிப் பார்க்கும். கோயம்புத்தூரில் 1923-இல் தொடங்கிய சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. என். ரங்கசாமி அய்யங்காரும் அவருடன் இருந்தவர்களும் கேழ்வரகின் மணி நிறத்தையும் தாளின் நிறத்தையும் இப்படித் தலைமுறை தலைமுறையாக எண்ணிப் பதிந்தார்கள். ஒரு கேழ்வரகுப் பூ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அதில் மகரந்தம் எடுத்துக் கலப்புச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வகை மீட்சி உண்டு. என்னை அதிகம் வியக்கவைப்பது அதுதான். டார்வின் புறா வளர்த்தார். வெள்ளை விசிறிவால் புறாவையும் கறுப்புப் புறா ஒன்றையும் இணைத்து, குஞ்சுகளை மறுபடி தமக்குள் இணைத்தார். பேரக்குஞ்சுகளில் ஒன்று நீலமாகப் பிறந்தது. இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, இடுப்பில் வெள்ளை. நம் கோயில் கோபுரங்களில் அடையும் மாடப்புறா இருக்கிறதே, கிட்டத்தட்ட அதே சாயல். வீட்டுப் புறாக்கள் எல்லாவற்றுக்கும் மூதாதை அந்தக் காட்டு மாடப்புறாதான். 1859-இல் வெளிவந்த தம் நூலில் டார்வின் இதை எழுதினார். ஏன் நடக்கிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

மெக்சிகோவில் நிலத்தடிக் குகைகளில் வாழும் மீன்கள் உண்டு. இருட்டிலேயே பல தலைமுறை இருந்து கண் இழந்தவை. ஒரு குகையின் குருட்டு மீனையும் தொலைவில் உள்ள இன்னொரு குகையின் குருட்டு மீனையும் இணைத்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வு. பிறந்த குஞ்சுகளில் சிலவற்றுக்குப் பார்வை இருந்தது. தாயும் குருடு, தகப்பனும் குருடு, பிள்ளைக்குக் கண் தெரிகிறது! ஒவ்வொரு குகையிலும் வெவ்வேறு மரபணு கெட்டிருந்தது. ஒன்று இழந்ததை மற்றது காத்துவைத்திருந்தது. இரண்டு குறைகளும் ஒரே வீட்டுக்கு வந்தபோது, ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்துவிட்டது.

இதைவிட ஆழத்திலிருந்து வருபவையும் உள்ளன. 1919-இல் கனடாவின் வான்கூவர் தீவுக் கடலில் பிடிபட்ட ஒரு திமிங்கலத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் நீளமான பின்னங்கால்கள் இருந்தன. 2006-இல் ஜப்பானில் கூடுதலாக இரண்டு துடுப்புள்ள ஓங்கில் ஒன்று கிடைத்தது. திமிங்கலத்தின் முன்னோர் நான்கு காலில் நடந்தவை. காலைச் செய்யும் மரபணுக்கள் உடம்பின் வேறு வேலைகளுக்கும் பயன்படுவதால், கால் போன பின்னும் அவை போகவில்லை.

அதே 2006-இல், ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள கோழிக் கருக்களின் தாடையில் முதலைப் பல்லைப் போன்ற கூர்முனைகள் அரும்புவதைக் கண்டார்கள். பறவைகள் பல்லை இழந்து 7 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இருந்தும் வடிவம் தலைகாட்டியது. ஆனால் பல்லின் மேல்பூச்சான எனாமலைச் செய்யும் மரபணுக்கள் கோழிக்குள் சிதைந்து உருக்குலைந்து கிடக்கின்றன. வேறு எதற்கும் பயன்படாததால் எதுவும் அவற்றைக் காக்கவில்லை. எனவே கோழிக்குப் பல் அரும்பலாம், எனாமல் பூசிய பல் இனி ஒருநாளும் வராது. பயன்படாத மரபணு 60 லட்சம் ஆண்டுவரை உயிர்த்தெழ வாய்ப்புண்டு, ஒரு கோடி ஆண்டு தாண்டினால் இல்லை என்று 1994-இல் கணக்கிட்டார்கள். எங்கோ ஓரிடத்தில் கெடாமல் இருந்தது மட்டுமே திரும்பி வரும். நான் இன்று சொல்ல வந்ததெல்லாம் இதுதான்.

விதைக்குப் போகும் முன், மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

முன்னோர் திரும்பி வருவார்கள் என்ற எண்ணத்தை வைத்து இத்தாலியில் சேசரே லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் 1876-இல் ஒரு நூல் எழுதினார். குற்றவாளி என்பவன் காட்டுமிராண்டி மூதாதை மறுபடி பிறந்து வந்தவன், தாடையையும் காதையும் பார்த்தே அவனை அடையாளம் காணலாம் என்றார். அது அறிவியல் இல்லை. அளந்தவர் கண்ணில் இருந்த வெறுப்பு அது. அந்த நூல் வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1871-இல், இதே நினைப்பை ஆங்கில அரசு இந்தியாவில் சட்டமாக்கியிருந்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் அதற்கு வைத்த பெயரைக் கேளுங்கள்: குற்றப்பரம்பரைச் சட்டம். பிறந்த குழந்தையின் பரம்பரையிலேயே குற்றத்தை எழுதிவைத்த சட்டம். அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். 1947-இல்தான் இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது.

பட்டாணியின் சுருக்கத்துக்கு மரபணு உண்டு. களவுக்குக் கிடையாது. ஏழ்மைக்கும் கிடையாது. மலையில் வாழ்கிறவர்களைப் 'பழைய மனிதர்கள்' என்று சமவெளிக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசுகிறது. உங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள், ஒருவர் சேர்வராயன் மலைக்கும் ஒருவர் பச்சைமலைக்கும் ஒருவர் இங்கேயும் குடியேறினார்கள் என்று உங்கள் வாய்மொழி வரலாறே சொல்கிறது. நீங்கள் விதைக்கும் கேழ்வரகு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பிறந்தது. தினையை முதலில் பயிராக்கியது சீனம். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இந்த மலை உலகத்தோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த மலை.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு தலைமுறையாக யாருக்கும் இல்லாத நோய் ஒரு குழந்தைக்கு வந்தால், வந்த மருமகளின் ராசி என்று பேசுகிற வழக்கம் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. எடுத்துக்காட்டாக, 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் வடிவ ரத்த அணுக்களைக் கண்டார்கள். அந்த அணுக்களால் நோய் வர, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் வேண்டும். இருவரும் நல்ல உடம்போடு இருப்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அக்கா மகள் என்று நெருங்கிய உறவில் கட்டும்போது ஒரே பாட்டனிடமிருந்து வந்த ஒரே பிரதி இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடும். ரத்தப் பரிசோதனை செய்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும். பழி போட ஆள் தேட வேண்டியதில்லை.

இனி விதைக்கு வருகிறேன்.

வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திருகுலச் சாமை, சடஞ்சாமை. சுருட்டைக் கேழ்வரகு, சட்டைக் கேழ்வரகு, அரிசிக் கேழ்வரகு. செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை, பாலந்தினை. இவை இந்த மலையின் பெயர்கள். மூன்று மாதத்துக்குள் அறுப்பவை உண்டு, நான்கு மாதம் தாண்டுபவையும் உண்டு. மழை முன்கூட்டி நின்றால் ஒன்று கைகொடுக்கும், நீண்டு பெய்தால் மற்றொன்று. கேழ்வரகின் காட்டு மூதாதை ஆப்பிரிக்காவில் நிற்கிறது. சாமையின் காட்டு உறவோ இந்த நாட்டிலேயே வளர்கிறது. பயிர்ச் சாமையோடு எளிதில் கலந்தும்விடும். அந்தக் கலப்பில் வரும் செடிக்கு ஒரு பழைய குணம் திரும்பும்: முற்றிய மணி கதிரில் நிற்காமல் உதிர்ந்துவிடும். நம் முன்னோர் உதிராத கதிராகப் பார்த்துப் பார்த்து எடுத்துத்தான் புல்லைப் பயிராக்கினார்கள். எனவே திரும்பி வரும் பாட்டன்மார் எல்லோரும் வீட்டுக்கு வேண்டியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உதிர்கிறதைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் எது உதிர்கிறது, எது உதிராமல் கறுப்பாக மட்டும் நிற்கிறது என்று பார்த்துப் பிடுங்க வேண்டும். நான் பார்க்காமல் பிடுங்கினேன்.

காட்டுக் குணத்தை வேண்டுமென்றே அழைத்து வந்ததும் உண்டு. கரும்பு ஆய்வாளர்கள் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கோயம்புத்தூரில் வெள்ளைக் கரும்போடு ஆற்றோரத்து நாணல் போன்ற காட்டுக் கரும்பை இணைத்தார்கள். 1918-இல் கோ 205 வந்தது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கி நின்ற கரும்பு அது. அந்தக் காட்டுக் கரும்பை யாராவது களை என்று முற்றாக ஒழித்திருந்தால் எதை வைத்து இணைத்திருப்பார்கள்?

சாமையும் தினையும் இந்த மலையில் சுருங்கிப்போனதற்கு உங்களை யாரும் குறைசொல்ல முடியாது. ரேஷன் அரிசி வந்தது. குச்சிக்கிழங்குக்குக் கீழே ஆத்தூர், ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கையில் பணம் கொடுத்தன. சாமையை உரலில் போட்டு உலக்கையால் குத்தி உமி நீக்கிய பெண்களின் தோள்வலியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை வேண்டாம் என்று ஒரு பெண் முடிவெடுத்தால் அது நியாயமான முடிவு. உமி நீக்கும் இயந்திரங்கள் மலைக்கு வந்தபிறகுதான் சாமை வீடுகளுக்கு ஓரளவு திரும்பியது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் குச்சிக்கிழங்கின் வாழ்க்கை முறையைப் புரிந்துகொள்ளுங்கள். அதைக் கரணை வெட்டி நடுகிறோம். கரணையில் தகப்பன் இல்லை. தாய்ச் செடி எதுவோ அதுவேதான் மறுபடி மறுபடி. அங்கே பேரனும் இல்லை, பாட்டனும் இல்லை. காடு முழுக்க ஒரே ஆள் நிற்கிறார். 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் புகுந்து, பிறகு நாமக்கல், சேலம் காடுகளிலும் இறங்கியபோது வரிசை வரிசையாக நுனி சுருண்டு நின்றதை நீங்களே பார்த்தீர்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தப் பூச்சியைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. பயிருக்குள்ளே எதிர்ப்பு இருந்து திரும்பி வர வழியில்லாததால் வெளியிலிருந்து அழைத்தோம்.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து, ஊர் விதை வங்கிகளை உண்டாக்க உங்களோடு நின்றிருக்கிறது. டெல்லியில் தேசிய மரபணு வங்கி இருக்கிறது. அங்கே கழித்தல் 18 டிகிரிக் குளிரில் விதை பல பத்தாண்டுகள் உறங்கும். இரண்டும் வேண்டும். ஆனால் குளிர் அறையில் உறங்கும் விதைக்கு இந்த வருடம் மழை தவறியது தெரியாது. புதிய பூச்சி வந்தது தெரியாது. அண்டைச் செடியோடு நூறில் ஒரு முறை சேரவும் அதற்கு வழியில்லை. காட்டில் விழும் விதைக்கு எல்லாம் தெரியும். தொம்பையிலோ சாம்பல் கலந்த பானையிலோ இருக்கும் விதைக்குச் சில ஆண்டுகள்தான் முளைப்பு. அதற்குள் ஒரு கை விதையாவது மண்ணில் விழ வேண்டும்.

அந்த அம்மாவைப் பார்க்க அடுத்த வருடமும் போனேன். காட்டின் மேல் ஓரத்தில், ஒரு கட்டில் போடும் அளவு இடத்தில், கறுப்புச் சாமை தனியாக நின்றது. நான் பிடுங்கியவற்றில் முற்றியிருந்த கதிர்களை உதிர்த்து விதைத்திருந்தார். அதிலும் எல்லாம் கறுப்பாக வரவில்லை. வெளிறிய கதிர்களும் கலந்து நின்றன. உட்கார்ந்து எண்ணினேன். அன்றுதான் எனக்கு மெண்டல் புரிந்தார்.

நேரமாகிவிட்டது. உங்களில் யார் வீட்டிலாவது பழைய சாமையோ தினையோ கேழ்வரகோ, ஒரு படியோ ஒரு பிடியோ இருந்தால், போவதற்கு முன் என்னிடம் வந்து சொல்லுங்கள். விதை வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும். அதன் பெயர், மலையில் எந்த நாடு, எந்த ஊர், யார் கொடுத்தது, கடைசியாக எந்த வருடம் விதைத்தீர்கள், இவை போதும். பெயர் தெரியாவிட்டால் பாட்டி சாமை என்றே எழுதிக்கொள்கிறேன். நோட்டு கொண்டுவந்திருக்கிறேன்.